கான்சாபுரத்துக்கு நாலு புத்தகம்

டூருக்குப் புத்தகம் எடுத்துக்கொண்டு போகிறவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. கிளம்பும்போது பையில் எல்லாவற்றுக்கும் மேலாக இருக்கும். மறுநாள் ஈரத் துண்டுக்கு அடியில் போய்விடும். ஊர் திரும்பிப் பார்த்தால், ஏழாம் பக்கத்தில் அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட் அப்படியே இருக்கும். எட்டாம் பக்கத்தில் சாத்தூர் சேவு எண்ணெய். எதிரே மலையும் தண்ணீரும் நிற்கும்போது எவன் ஸார் படிப்பான்?

படிக்க வேண்டியதைக் கிளம்புவதற்கு முன்னாலேயே படித்துவிட வேண்டும் என்பது என் கட்சி. பையில் வேண்டாம், தலையில் இருக்கட்டும். தலைக்கு லக்கேஜ் சார்ஜ் கிடையாது.

ராஜபாளையத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் நாலு பையன்கள் எனக்குப் பழக்கம். ஐப்பசி மாசத்தில் சேர்ந்தாற்போல மூன்று நாள் லீவு வர, டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அண்ணே, கான்சாபுரத்துல இவன் அத்தை வீடு இருக்கு. அங்க தங்கிக்கிட்டு கூமாப்பட்டி, பிளவக்கல் டேம் எல்லாம் ஒரு ரவுண்டு. போறதுக்கு முன்னாடி படிக்கிறதுக்கு நாலு புஸ்தகம் சொல்லுங்க."

"திடீர்னு என்ன தம்பி படிப்பு?"

"ஸ்டேட்டஸ்ல போட நாலு வரி வேணும்ணே."

காரணம் எதுவானால் என்ன, புத்தகம் கேட்டு வருகிற பையன்களைத் திருப்பி அனுப்பக்கூடாது. உட்காரச் சொன்னேன்.

பிளவக்கல்லைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. வத்திராயிருப்புப் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில், பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள். முன்னது சுமார் 47 அடி, பின்னது சுமார் 42 அடி. மேட்டூரோடு ஒப்பிட்டால் குழந்தைகள். சுற்றிலும் தென்னை, மா, நெல். 2025 ஜூனில் ஓர் இளைஞர் கூமாப்பட்டியைப் பற்றிப் போட்ட ரீல் தமிழ்நாடு முழுக்கப் பரவியது ஞாபகம் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு டிபன் பாக்ஸும் துண்டுமாக வந்து இறங்கியவர்களில் பலருக்கு, அணையில் இறங்கிக் குளிக்க அனுமதி கிடையாது என்பது அங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. ரீலைக் குறை சொல்லவில்லை. அரை நிமிஷத்தில் ஆசையைத்தான் கிளப்ப முடியும். மற்றதற்கு இடம் போதாது.

முதலில் பையன்களே கொண்டுவந்த லிஸ்ட்டைப் பார்த்தேன். வாழ்க்கையில் ஜெயிக்க வழி சொல்லும் புத்தகம் ஒன்று. அடித்தேன். ஜெயிப்பதை லீவு முடிந்து பார்த்துக்கொள்ளலாம். குரூப் ஃபோர் கைடு ஒன்று. அதையும் அடித்தேன். மூன்றாவது 'பொன்னியின் செல்வன்'. இதை அடிக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால், வந்தியத்தேவன் ஆடிப் பதினெட்டு அன்று குதிரையில் வருவது வீராணத்து ஏரிக்கரையில். காட்டுமன்னார்கோவில் பக்கம் போகிறவன் அதைப் படித்துவிட்டுப் போனால், அந்தக் கரையில் நிற்கும்போது ஒரு சிலிர்ப்பு வரும். பிளவக்கல் கரையில் வராது. மேலும் ஐந்து பாகம். லீவு மூன்று நாள்.

அப்புறம் எப்படித்தான் தேர்ந்தெடுப்பது? என்னிடம் ஒரே ஒரு அளவுகோல் இருக்கிறது. புத்தகத்தில் பத்துப் பக்கம் படியுங்கள். போகிற ஊரில் யாரிடமாவது கேட்கவேண்டும் என்று ஒரு கேள்வியாவது மனசில் எழுந்ததா? எழுந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். எழவில்லையா, எவ்வளவு நல்ல புத்தகமானாலும் அலமாரியிலேயே இருக்கட்டும். கேள்வியில்லாமல் போகிறவன் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவான்.

பையன்களை ஸ்ரீவில்லிபுத்தூர் பென்னிங்டன் நூலகத்துக்கு அழைத்துப் போனேன். பால்கோவாவுக்காக மட்டும் அந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் கவனிக்க: அந்த நூலகம் ஆரம்பித்தது 1875-ல். அப்போது இந்தப் பக்கமெல்லாம் திருநெல்வேலி ஜில்லா. கலெக்டராக இருந்த பென்னிங்டன் துரையின் பெயர் அதற்கு. எத்தனையோ தலைமுறை உட்கார்ந்து படித்த இடம் என்றதும், பையன்கள் செல்போனைச் சத்தமில்லாமல் வைத்தார்கள். அங்கே உட்கார்ந்து, ஆளுக்கொரு புத்தகம் என்று லிஸ்ட் போட்டோம். அகப்படாததைப் பழைய புத்தகக் கடையில் தேடிக்கொள்வதாக ஏற்பாடு.

கான்சாபுரம் அத்தையின் மருமகனுக்கு, நா. வானமாமலை பதிப்பித்த 'கான்சாகிபு சண்டை' கதைப்பாடல். மருதநாயகமாகப் பிறந்து, யூசுப்கான் ஆகி, கம்பெனிப் படையில் தளபதியாகி, மதுரையை ஆண்டு, அதே கம்பெனியையும் ஆற்காட்டு நவாபையும் எதிர்த்து, 1764-ல் மதுரையில் தூக்கிலிடப்பட்டவர் கான்சாகிப். கமல்ஹாசன் 1997-ல் எலிசபெத் மகாராணியை அழைத்துத் தொடங்கி, அப்படியே நின்றுபோன படத்தின் கதாநாயகனும் இவர்தான். அவர் பெயரால் வந்ததுதான் கான்சாபுரம் என்பார்கள். பையன் திகைத்துப்போனான். "எத்தனை தடவ அத்தை வீட்டுக்குப் போயிருக்கேன்! இது தெரியாதேண்ணே." அவனுக்கான கேள்வி: 'ஊர்ல பெரியவங்க கான்சாகிப் பத்தி என்ன சொல்லுவாங்க?'

எப்போதும் செல்போனும் கையுமாக இருக்கும் இரண்டாமவனுக்கு, மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்'. தியடோர் பாஸ்கரன் தொகுத்தது. கிருஷ்ணன், நாவலாசிரியர் மாதவையாவின் மகன். கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950 முதல் 1996-ல் காலமாகும் வரை இயற்கையைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தவர். புலி, யானைக்காகக் காத்திருக்காமல் காக்கை, அணிலையும் உற்றுப் பார்க்கலாம் என்பதை இவரிடம் கற்றுக்கொள்ளலாம். அணில் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். இந்த மலையில் இருக்கும் சாம்பல் நிற அணில் சாதாரண அணில் அல்ல. மர உச்சியிலேயே குடித்தனம் நடத்துகிற ராட்சச அணில். அதற்காகவே 1988-ல் சரணாலயம் வந்தது. 2021-ல் மேகமலையோடு சேர்ந்து இந்தியாவின் 51-வது புலிகள் காப்பகமாகிவிட்டது. ஆகையால் இஷ்டத்துக்குக் காட்டுக்குள் நுழையக்கூடாது. அவனுக்கான கேள்வி: 'இந்தக் குருவிக்கு உங்க ஊர்ல என்ன பேரு?'

மூன்றாமவன் கணக்கில் புலி. அவனுக்கு தோரோவின் 'வால்டன்'. அமெரிக்காவில் 1845-ல் ஒரு குளக்கரையில் தானே குடிசை போட்டுக்கொண்டு இரண்டு வருஷத்துக்குச் சற்றுக் கூடுதலாக வாழ்ந்த மனிதர். தத்துவம் என்றதும் பயந்துவிட்டான். முதல் அத்தியாயத்தைத் திறந்து காட்டினேன். குடிசைச் செலவு 28 டாலர் 12½ சென்ட். பலகைக்கு இவ்வளவு, ஆணிக்கு இவ்வளவு என்று பைசா சுத்தமாக எழுதியிருக்கிறார். பீன்ஸும் மற்றதும் பயிரிட்டதில் செலவு போக மிச்சம் 8 டாலர் 71½ சென்ட். "அண்ணே, இவரு நம்ம ஆளு!" என்று வாங்கிக்கொண்டான். அவனுக்கான கேள்வி: 'ஒரு ஏக்கர் நெல்லுல உங்களுக்கு என்ன நிக்கும்?'

நாலாமவன்தான் எனக்குக் கவலை. இருப்பதிலேயே சின்னவன். நீச்சல் தெரியாது, பயமும் தெரியாது. டேமில் விடாவிட்டால் ஓடையில் ஏறி மேலே போய்க் குளிப்பது என்று ஏற்கெனவே தீர்மானம் பண்ணியிருந்தான். அவனுக்கு ஜிம் கார்பெட்டின் 'குமாயுன் புலிகள்', தி.ஜ.ர. தமிழில். பென்னிங்டன் நூலகம் ஆரம்பித்த அதே 1875-ல், நைனிடால் என்கிற ஏரிக்கரை ஊரில் பிறந்தவர் கார்பெட். 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் சம்பாவத் பெண்புலியை 1907-ல் சுட்டவர். துப்பாக்கி ஆசாமிக்கே துப்பாக்கி ஆசாமியைக் கொடுத்ததாக நினைக்காதீர்கள். கார்பெட்டை நன்றாகப் படித்தால், சுடுகிற நேரம் கொஞ்சம், விசாரிக்கிற நேரம் நிறைய என்று புரியும். ஊர்க்காரனைக் கேட்பார். மானும் குரங்கும் எழுப்பும் எச்சரிக்கைக் குரலுக்குக் காது கொடுப்பார். காட்டில் பயம் என்பது கேவலம் இல்லை, புத்தி என்று அவர் எழுத்தைப் படிக்கிறவனுக்குத் தெரிந்துவிடும்.

அந்தப் பையனிடம் கார்பெட் புத்தகத்தில் தேடவேண்டாத ஒரு விஷயத்தையும் சொன்னேன். கார்பெட் ஐந்து வயசுப் பையனாக இருந்தபோது, 1880 செப்டம்பரில், நைனிடாலில் விடாத மழையில் மலைச்சரிவு இடிந்து விழுந்து 151 பேர் செத்துப்போனார்கள். அழகான ஏரிக்கரைதான். ஆபத்து வந்தது ஏரியிலிருந்து இல்லை, மேலே இருந்து.

அவ்வளவு தூரம் போவானேன்? 2015 மே மாதம், இதே மலைத்தொடரில், சதுரகிரிக்கு அமாவாசை தரிசனத்துக்குப் போன பக்தர்களைக் காட்டாற்று வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சின்ன வயசுக்காரர்கள். லீவு நாளில் வந்தவர்கள்.

மலையோடையின் சூது இதுதான்: மழை பெய்கிற இடம் ஒன்று, வெள்ளம் வருகிற இடம் இன்னொன்று. உச்சியில் ஒரு மணி நேரம் கொட்டினால் போதும். பாறைச் சரிவு தண்ணீரை உறிஞ்சாது, அப்படியே ஓடைக்குத் தள்ளும். கீழே வெயிலில் சோப்புப் போட்டுக்கொண்டிருப்பவனுக்குச் செய்தி தாமதமாகத்தான் வரும். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், இரைச்சல் மாறினால், சோப்பை விட்டுவிட்டுக் கரையேற வேண்டியதுதான். சின்னவனுக்கான கேள்வி: 'மேல மழையா?'

நாலு பேருக்கும் பொதுவாக ஒன்று சொல்லி அனுப்பினேன். ஜெரோம் கே. ஜெரோம் 1889-ல் எழுதிய 'த்ரீ மென் இன் எ போட்'டில் மூன்று பேர் படகில் உல்லாசப் பயணம் போவார்கள். அன்னாசி டின் இருக்கும். திறக்கிற சாதனம் இருக்காது. அந்த ஒரு பகுதியைப் படித்துவிட்டு மூட்டை கட்டுங்கள் என்றேன்.

லீவு முடிந்து டீக்கடையில் கதை கேட்டேன். ஸ்டேட்டஸ் வரி எதுவும் தேறவில்லை. கான்சாகிப் கேள்விக்குத் திண்ணையில் மூன்று பெரியவர்கள் மூன்று விதமாகப் பதில் சொல்லி, கடைசியில் அவர்களுக்குள்ளேயே சண்டையாம். செல்போன் பையன் சாம்பல் அணிலைப் பார்க்கவில்லை. ஆனால் ஒன்பது பறவைகளின் பெயரை அத்தையிடம் கேட்டுச் சிகரெட் அட்டையில் எழுதி வந்திருக்கிறான். கணக்குக்காரன் அத்தையின் வயல் கணக்கை ராத்திரி உட்கார்ந்து போட்டிருக்கிறான். உழவு, நாற்று, கூலி, உரம் எல்லாம் கழித்து, அத்தையின் சொந்த உழைப்புக்கும் ஒரு கூலி வைத்துப் பார்த்தால் மிச்சமே இல்லை. "தோரோ பரவாயில்லண்ணே" என்றான். அதற்கு மேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் ஓடைப் பக்கம் போயிருக்கிறார்கள். நல்ல வெயில். கணுக்கால் அளவு தண்ணீர், கண்ணாடி மாதிரி. சின்னவன் சட்டையைக் கழற்றிவிட்டு, பிறகு என்ன நினைத்தானோ, தென்னந்தோப்புக் காவல்காரரிடம் போய்க் கேட்டிருக்கிறான்.

"தாத்தா, மேல மழையா?"

கிழவர் மலையைப் பார்த்திருக்கிறார். "உச்சி கறுத்துக் கிடக்கு தம்பி. இங்கன வெயிலடிக்குதுன்னு பாக்காதீக. இன்னிக்கு வேணாம்."

தோப்பு பம்ப்செட்டில் குளித்துவிட்டு, அத்தை வீட்டுக் கறிச்சோற்றுக்குப் போய்விட்டார்கள்.

"அப்புறம் ஓடையில வெள்ளம் வந்துச்சா?" என்று கேட்டேன்.

"தெரியலண்ணே. நாங்க திரும்பப் போய்ப் பாக்கலயே."

வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம். எனக்கு அதில் அக்கறை இல்லை. மறுநாள் திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, ஆடிட்டர் ஆபீஸ் வருகைப் பதிவேட்டில் நாலு கையெழுத்து இருந்தது.