பிறந்த வீடா, புகுந்த வீடா?

இங்கிலாந்தில் லீட்ஸ் நகருக்கு நான் போய்ச் சேர்ந்த அன்று ஊரெங்கும் ஒரே பேச்சு. மறுநாள் ஹெடிங்லி மைதானத்தில் யார்க்‌ஷயருக்கும் லங்காஷயருக்கும் கிரிக்கெட் பந்தயம்!

நடுவே ஒரு மலைத்தொடர். இப்புறம் வெள்ளை ரோஜா, அப்புறம் சிவப்பு ரோஜா. 15-ஆம் நூற்றாண்டில் யார்க், லங்காஸ்டர் வம்சங்கள் அரியணைக்காக வாளெடுத்தன. 1867 முதல் இரு கிரிக்கெட் சங்கங்களும் மட்டையெடுத்து மோதுகின்றன.

"நாளை யார் ஜெயிப்பார்கள்?" என்று நான் தங்கியிருந்த வீட்டு அம்மாளைக் கேட்டேன். அவர் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார்.

"மேகம் மூடினால் பந்து வளையும், பந்து வீசுகிறவர்களுக்குக் கொண்டாட்டம். வெயிலடித்தால் மட்டை பிடிப்பவர்களுக்கு யோகம். தினமும் துணி உலர்த்துகிற எனக்குத் தெரியாதா?"

"உங்கள் கட்சி எது?"

அம்மாள் பெருமூச்சு விட்டார். "நான் மான்செஸ்டர் பெண். வாழ்க்கைப்பட்டது இங்கே. யார்க்‌ஷயரில் பிறந்தவர்தான் யார்க்‌ஷயருக்கு ஆடலாம் என்று அப்போது ஒரு கட்டுப்பாடு. பிரசவத்துக்குத் தாய்வீடு போக ஆசைப்பட்டேன். 'பேரன் அங்கே பிறந்தால் எப்படி ஆடுவான்?' என்று மாமியார் விடவில்லை. பிள்ளையோ மட்டையைத் தொடவே இல்லை! 1992-ல் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, பம்பாயிலிருந்து டெண்டுல்கரையே அழைத்து வந்தார்கள். அதற்குள் என் அம்மா போய்விட்டாள்."

மறுநாள் காலை வானம் மூடியிருந்தது. கணவரின் கோட்டில் வெள்ளை ரோஜாவைச் செருகி வழியனுப்பினார். பிறகு கைப்பையைத் திறந்து எனக்கு மட்டும் காட்டினார்.

உள்ளே ஒரு சிவப்பு ரோஜா!