சிவகங்கையில் ஏறி நெடுந்தீவுக்கு!

"மூணு நாள் கேஷுவல் லீவா? எங்கே சார் பயணம்?" என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

"நெடுந்தீவு."

"அதான் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்துல இருக்கே!"

மேப்பைப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். ராமேஸ்வரத்திலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர். மதுரையிலிருந்து மேலூர் போய்த் திரும்புகிற தூரம்கூட இல்லை. ஆனால் நடுவில் கடல். கடலுக்கு நடுவில் இன்னொரு நாட்டின் எல்லை!

எங்கள் தாத்தாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. கொழும்பில் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதினார். தனுஷ்கோடி வரை ரயில், அங்கே கப்பல், இரண்டு மணி நேரத்தில் தலைமன்னார், மறுபடி ரயில். 1914-ல் தொடங்கிய வழி அது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் விட்டார்கள். 1980-களில் இலங்கையில் போர் மூள, அதுவும் நின்றது.

பேரன் என்ன செய்தேன்? மாட்டுத்தாவணியில் ராத்திரி பஸ் ஏறி, விடிகாலை நாகப்பட்டினத்தில் இறங்கினேன். நாகை - காங்கேசன்துறை கப்பலை 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளிலேயே நிறுத்தி, 2024 ஆகஸ்டில் மறுபடி விட்டார்கள். புதுக் கப்பலின் பெயர் 'சிவகங்கை'. மதுரைக்காரன் சிவகங்கையைப் பிடிக்க நாகப்பட்டினம் போக வேண்டியிருக்கிறது, பாருங்கள்!

கடலில் நாலு மணி நேரம். முதல் ஒரு மணி நேரம் எல்லோரும் போட்டோ எடுத்தோம். அப்புறம் அலை கொஞ்சம் தூக்கிப் போட்டதும், நாத்திகம் பேசிக்கொண்டு வந்தவர்கூட கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி, கடலுக்கு நடுவே போட்ட ரோட்டில் புங்குடுதீவு தாண்டி, குறிகட்டுவான் துறை. அங்கிருந்து படகில் சுமார் ஒரு மணி நேரம். பெட்டி, சைக்கிள், அரிசி மூட்டையோடு நானும் ஒரு மூட்டை.

இந்தத் தடத்தில் ஓடிய படகுதான் 'குமுதினி'. 1985 மே 15 அன்று அதில் போன பயணிகள் பலர், பெண்களும் குழந்தைகளும் உட்பட, நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தீவில் அவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. அதற்கு முன்னால் நின்றபோது, அதுவரை போட்டு வந்த ஜோக்குகள் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

தீவு முழுக்க, சாந்து பூசாமல் அடுக்கிய பவளக்கல் வேலிகள். வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன குதிரைகளின் வாரிசுகள் வெட்டவெளியில் மேய்கின்றன. டச்சுக்காரர்கள் காலத்துக் கோட்டை இடிந்து கிடக்கிறது. பத்துப் பேர் கை கோத்தாலும் போதுமா என்று யோசிக்க வைக்கும் பெருக்கு மரம் ஒன்று.

திரும்பும்போது பலாலியிலிருந்து விமானம். 2019-ல் தொடங்கி, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் வந்த சென்னை சர்வீஸ். சீட் பெல்ட்டைப் போட்டு, பிஸ்கட்டைப் பிரித்து முடிப்பதற்குள் மீனம்பாக்கம்! அங்கிருந்து மதுரை வர ராத்திரி முழுக்க ரயில். பி.காம். படித்தவன் கணக்கில் இது எந்தப் பக்கம் வரும்? வரவா, செலவா?

படகுத் துறையில் ஒரு பாட்டி விசாரித்ததைச் சொல்லாமல் விடக்கூடாது.

"எந்த ஊர் தம்பி?"

"மதுரை, பாட்டி."

"மீனாட்சி அம்மன்ரை ஊரோ? கிட்டத்தானே ராசா! ஏன் இவ்வளவு நாளா வரேல்லை?"

என்னத்தைச் சொல்ல? பாஸ்போர்ட்டை பாக்கெட்டுக்குள் இன்னும் கொஞ்சம் தள்ளிக்கொண்டேன்.