நான்காம் தலைமுறை

பயணத்தைக் குறிக்கும் ‘ஸஃபர்’ என்னும் அரபுச் சொல்லின் வேருக்குத் திரை விலக்குதல், வெளிப்படுத்துதல் என்னும் பொருளும் உண்டு. மனிதரின் குணங்களை வெளிப்படுத்துவதால் பயணம் அப்பெயர் பெற்றது என்று மொழியறிஞர் விளக்கம் கூறுவர். மாணவர்க்கு இச்சொல்லைக் கற்பிக்கும்போதெல்லாம் என் குடும்பத்தையே உதாரணமாகக் காட்டுவது என் வழக்கம். கடல் கடக்காத ஆண்மகன் எங்கள் குடும்பத்தில் இல்லை என்று பெருமையோடு சொல்வேன். அந்தப் பெருமை என் சொந்த மகனுக்கு எவ்வளவு பெரிய சுமையாயிற்று என்பதை நான் மிகவும் பிந்தியே உணர்ந்தேன். பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர்க்குப் பயன்படலாம் என்று கருதி அதனை ஈண்டு எழுதுகிறேன்.

என் பாட்டனார் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோரச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். 1937-இல் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலேறிப் பினாங்கு வந்தார். தோளில் காவடி சுமந்து சோறு விற்றார். பின்னர் சிறு கடையொன்று வைத்தார். என் தந்தையார் 1952-இல், பன்னிரண்டு வயதில், அதே கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்து சேர்ந்தார். என் தமையனார் 1980களில் சவூதியின் ஜுபைலுக்குச் சென்று, இப்போது மெல்போர்னில் வாழ்கிறார். நான் வேலூரில் ஓதி முடித்து, 1994-இல் பினாங்கு வந்து, மாலை நேர மதரஸாவில் அரபும் தமிழும் கற்பித்து வருகிறேன். பெருநாள் தோறும் எங்கள் வீட்டில் உறவினர் கூடுவார்கள். விருந்து முடிந்ததும் கப்பல் கதைகள் தொடங்கும். அவற்றைச் சொல்பவன் பெரும்பாலும் நானே.

இக்கதைகளைக் கேட்டு வளர்ந்த என் மகனுக்குப் பதினைந்து வயதானபோது, எதிலும் நாட்டமில்லாத ஒரு நிலை அவனைப் பற்றிக்கொண்டது. பள்ளிக்குப் போவான், வருவான். பாடநூலை விரித்து வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்திருப்பான். கைப்பேசியோடு படுத்து, நண்பகல் வரை உறங்குவான். தீய பழக்கம் எதுவும் அவனிடம் இல்லை. ஆயினும், “என்னவாக விரும்புகிறாய்?” என்று கேட்டால், “தெரியவில்லை, அத்தா” என்பதே விடை. “எங்கே போய்ப் படிக்க விரும்புகிறாய்?” என்றால், “எங்கேயும் போக விருப்பமில்லை” என்பான். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் எவரும் சொல்லாத சொல் அது.

அவன் ஐந்தாம் படிவத்தில் இருக்கையில், என் தமையனார் தம்மிடம் வந்து மெல்போர்னில் படிக்கும்படி அழைத்து, கல்லூரி விண்ணப்பத்தையும் அனுப்பிவைத்தார். இரண்டு மாதங்கள் அது மேசையின் இழுப்பறையில் கிடந்தது. கடைசி நாளும் கடந்த பின்னரே அது நிரப்பப்படவில்லை என்பதை அறிந்தேன்.

அவ்வாண்டு நோன்புப் பெருநாள் விருந்தில் ஒருவர் அவன் மேற்படிப்பைப் பற்றி விசாரித்தார். எனக்குள் அடங்கியிருந்த கோபம் கல்வியின் வேடம் பூண்டு வெளிவந்தது. தூனிஸில் 1332-இல் பிறந்த வரலாற்றறிஞர் இப்னு கல்தூன், 1377-இல் எழுதிய ‘முகத்திமா’வில், ஒரு குடும்பத்தின் சிறப்பு பெரும்பாலும் நான்கு தலைமுறைகளே நிலைக்கும் என்கிறார். முதல்வன் அதனை உழைத்துக் கட்டுகிறான். இரண்டாமவன் அவனிடம் நேரில் கேட்டறிகிறான். மூன்றாமவன் மரபைப் பின்பற்றுவதோடு நின்றுவிடுகிறான். நான்காமவன் அச்சிறப்புப் பிறப்பால் வந்ததென்று எண்ணி இழந்துவிடுகிறான். இதனை அச்சபையில் விரிவாக எடுத்துரைத்துவிட்டு, “நான்காம் தலைமுறை இதோ அமர்ந்திருக்கிறது” என்று மகனைச் சுட்டினேன்.

சிலர் சிரித்தனர். அவன் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து சென்றான். அதன்பின் ஏறக்குறைய நாற்பது நாள்கள் என்னோடு ஒரே ஸஹனில் உண்ணவில்லை. கேட்டதற்கு விடையளிப்பான், தானாக ஒரு சொல்லும் பேசமாட்டான். “ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் பொறுமையோடு ஓதிக்கொடுக்கிறீர்கள்; நம் பிள்ளைக்கு மட்டும் அந்தப் பொறுமை இல்லையா?” என்று என் துணைவியார் ஓரிரவு கேட்டார். நான் தூங்குவதுபோல் கிடந்தேன்.

ஒரு விடுமுறை நாளில் என் துணைவியார் பழைய தகரப் பெட்டியொன்றை வெயிலில் வைக்கச் சொல்லி அவனிடம் கொடுத்தார். பாட்டனார் பினாங்கிலிருந்து என் பாட்டியாருக்கு எழுதிய கடிதங்கள் அதனுள் இருந்தன. பாட்டியார் மறைந்தபின் ஊரிலிருந்து நான் கொண்டுவந்தவை. அவை அரபுத் தமிழில் எழுதப்பட்டவை. அதாவது, தமிழ் மொழியை அரபு எழுத்தில் எழுதும் நம் முன்னோர் வழக்கு. ட, ண, ழ போன்ற, அரபியில் இல்லாத ஒலிகளுக்குப் புள்ளிகள் கூட்டி எழுத்துகளை ஆக்கிக்கொண்டனர். தமிழ் எழுத்தறியாத என் பாட்டியார், குர்ஆன் ஓதக் கற்ற எழுத்தைக்கொண்டே கணவரின் கடிதங்களைப் படித்தார்.

என் மகன் மலாய்ப் பள்ளியில் பயில்பவன். தமிழ் பேசுவான், எழுத்துக் கூட்டிப் படிக்க அறியான். ஆனால் குர்ஆன் ஓதியிருக்கிறான்; மலாய் மொழியை அரபு எழுத்தில் எழுதும் ஜாவியும் பள்ளியில் கற்றிருக்கிறான். அடுத்த அறையில் இருந்த எனக்கு, முற்றத்திலிருந்து ஒரு குரல் தட்டுத் தடுமாறிக் கேட்டது. என் பாட்டனாரின் தமிழை என் மகனின் வாய் எழுத்து எழுத்தாகக் கூட்டிக்கொண்டிருந்தது. நான் வெளியே சென்று அருகில் அமர்ந்தேன். அவன் அறியாத எழுத்து வந்தபோது விரலால் காட்டினான்; நான் ஒலித்துக் காட்டினேன். பெருநாளுக்குப் பின் நாங்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுவே.

அக்கடிதங்களில் இருப்பது எனக்குப் புதிதன்று. இளமையிலேயே நான் படித்தவைதாம். ஆனால் சபையில் சொல்லச் சுவையானவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, எஞ்சியவற்றைப் பெட்டியிலேயே விட்டுவைத்தவன் நான். சகோதரியின் திருமணக் கடனுக்காகவே கப்பலேறியதாகப் பாட்டனார் எழுதியிருந்தார். கப்பலில் இரவெல்லாம் அழுததையும், இறங்கிய இரண்டாம் மாதமே திரும்பிவிட எண்ணியதையும், கடன்காரருக்கு அஞ்சி இருந்துவிட்டதையும் எழுதியிருந்தார். 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் பினாங்கில் குண்டு வீசின; அதன்பின் ஏறக்குறைய நான்காண்டுகள் கடிதமே இல்லை. 1945-இன் இறுதியில் எழுதிய கடிதத்தில், இடையில் கைக்குழந்தையாகப் பிரிந்த என் தந்தையாரின் முகம் நினைவில் இல்லை என்று வருந்தியபின், தம் பிள்ளைகளின் பிள்ளைகளாவது பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் ஓடாமல், ஓரிடத்தில் அச்சமின்றி உறங்க வேண்டும் என்று துஆச் செய்திருந்தார்.

மகன் அந்த வரியை இருமுறை படித்தான். பிறகு, “அத்தா, அவர்கள் ஆசைப்பட்டா கப்பலேறினார்கள்?” என்று கேட்டான்.

“இல்லை, கடனுக்காக.”

“அப்படியானால் எங்களிடம் ஏன் வீரம் என்று மட்டும் சொன்னீர்கள்?”

என்னிடம் விடையில்லை. சற்றுப் பொறுத்து அவனே சொன்னான்: “பெரியத்தா விண்ணப்பம் அனுப்பியபோது எனக்குப் பயமாக இருந்தது. நம் குடும்பத்தில் பயம் என்று யாரிடம் சொல்வது? விருப்பமில்லை என்று சொல்வது எளிதாக இருந்தது.”

சோம்பல் என்று நான் கண்டது, சொல்ல இடமில்லாத அச்சம். அன்றிரவு முகத்திமாவை மீண்டும் எடுத்தேன். சபையில் எடுத்துக்காட்டிய பகுதியில், மூன்றாம் தலைமுறை பற்றிய வரியில் கண் நின்றது. உழைத்துக் கட்டாமல், நேரில் கேட்டும் அறியாமல், மரபைச் சொல்லிக்கொண்டே நிறைவுற்றுவிடுபவன் மூன்றாமவன். அவன் நான். இப்னு கல்தூன் அதே நூலில், மாணவரிடம் கடுமை காட்டுதல் கேடு பயக்கும் என்று தனி இயலும் எழுதியிருக்கிறார். அடக்குமுறையில் வளரும் பிள்ளையின் ஊக்கம் ஒடுங்கும், அவன் சோம்பலிலும் பொய்யிலும் போய் ஒளிந்துகொள்வான் என்பது அதன் கருத்து. முப்பதாண்டுகளாக ஆசிரியனாயிருக்கும் நான், எனக்கு உதவும் பக்கத்தை மட்டும் மனத்தில் வைத்து, என்னைக் கண்டிக்கும் பக்கத்தை மறந்திருந்தேன்.

சபையில் செய்த பிழையைத் தனியறையில் திருத்துதல் நீதியாகாது. அடுத்து வந்த ஹஜ்ஜுப் பெருநாளில், மெல்போர்னிலிருந்து தமையனாரும் வந்திருந்த கூட்டத்தில், மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். 1945-ஆம் ஆண்டுக் கடிதத்தை அவனே படித்தான். படித்து முடித்ததும், ஜுபைலில் முதலாண்டு முழுவதும் தலையணையில் முகம் புதைத்து அழுததாகத் தமையனார் சொன்னார். எங்கள் குடும்பத்தில் ஓர் ஆண்மகன் அவ்வாறு சொன்னதை நான் கேட்டது அதுவே முதன்முறை.

இதனால் என் மகன் ஒரே நாளில் மாறிவிட்டான் என்று எழுதினால் அது பொய்யாகும். விடுமுறை நாள்களில் இன்றும் தாமதமாகவே எழுகிறான். தேர்வில் நடுத்தரமான மதிப்பெண்களே பெற்றான். பினாங்கிலேயே தங்கி மின்பொறியியல் படிக்கிறான். அதனைத் தானே தேர்ந்தெடுத்து, விண்ணப்பத்தைத் தானே நிரப்பினான். வாரத்திற்கு ஒரு கடிதமாகப் பாட்டனாரின் கடிதங்களைக் குறிப்பேட்டில் படியெடுக்கிறான். அதற்காகவே என்னிடம் தமிழ் எழுத்துக் கற்கிறான். ழகரத்தில் இன்னும் தடுமாறுகிறான், நான் கடிந்துகொள்வதில்லை.

உழைக்காமல் இருந்துவிடுவதைப் பாட்டனாரின் துஆ அனுமதிக்கிறது என்று நான் கூறவில்லை. இளைஞனுக்கு ஊக்கம் வேண்டும். அதனை வளர்ப்பதும் பெற்றோர் கடனே. ஆனால் முன்னோரின் துணிவை மட்டும் காட்டி, அவர்களின் கண்ணீரை மறைத்துவிட்டால், பிள்ளைகள் தம்மை அவர்களின் வாரிசாக எண்ணாமல், அவர்களுக்குத் தகாதவராகவே எண்ணி ஒதுங்கிவிடுவர். உங்கள் வீட்டிலும் ஒரு பழைய பெட்டி இருக்கக்கூடும். பிள்ளையைக் கடிந்துரைக்குமுன் அதனை ஒருமுறை திறந்து, அவனோடு அமர்ந்து, எதையும் விடாமல் படியுங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு நல்லூக்கத்தையும், நமக்கு நல்ல பொறுமையையும் அருள்வானாக! ஆமீன்.