ஸ்டோரில் சேர்ந்த தம்பிக்கு

பதுளை
2025 ஜூலை 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. ஊவா சீசன் தொடங்குகிற நேரமாகப் பார்த்து உனக்குத் தேயிலைத் தொழிற்சாலை ஸ்டோரில் வேலை கிடைத்ததில் அம்மாவுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். அப்பா ஒன்று மட்டும் கேட்டார்: "கொழுந்து வாட்டுற பக்கம் போட்டிருக்காங்களா, டிரையர் பக்கமா?" இரண்டையும் பழகச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். "அப்ப ராத்திரியில தூங்காம இருக்கப் பழகச் சொல்லு" என்றார். எத்தனையோ வருஷம் டிரையர் அடுப்புக்கு விறகு போட்டவர் அப்படித்தான் சொல்வார்.

கொழுந்து வாட்டுகிற ட்ரஃப்களின் ஃபேன்களுக்கும் டிரையர் புளோவருக்கும் காற்றைத் தானாகக் கூட்டிக் குறைக்கிற பெட்டி பூட்டியிருக்கிறார்கள், எதை முதலில் படிக்கட்டும் என்று போனில் கேட்டாய். அந்தப் பெட்டிகளைப் பூட்டிக் கொடுப்பதே என் தொழில். ஆனாலும் போனில் சொல்லி முடிகிற காரியம் இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. ஆயிரம் கிலோ பச்சைக் கொழுந்து வருகிறது என்று வை. அதில் ஏறத்தாழ 790 கிலோ தண்ணீர், மீதி 210 கிலோதான் சரக்கு. ஈரம் 55 வீதத்துக்கு இறங்கும்வரை வாட்டினால் எடை 467 கிலோவாகக் குறையும். அதாவது ரோலருக்குப் போவதற்கு முன்பே 533 கிலோ தண்ணீர் காற்றோடு போய்விடுகிறது. பிறகு டிரையரில் ஈரத்தை 3 வீதத்துக்குக் கொண்டுவரும்போது 216 கிலோ தேயிலை கிடைக்கும். அங்கே போகிற தண்ணீர் 251 கிலோதான். நெருப்பு எரிகிற இடத்தில்தான் பெரிய வேலை நடக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் அதைப்போல இரண்டு மடங்கு தண்ணீரை ட்ரஃப் ஃபேன்கள் இரவெல்லாம் சத்தமில்லாமல் எடுத்துவிடுகின்றன. நம் பக்கம் ஜூலையிலிருந்து செப்டெம்பர்வரை அந்த வேலையில் ஒரு பங்கைக் கச்சான் காற்றே செய்து கொடுக்கும். தென்மேல் பருவக்காற்று ஹட்டன், நுவரெலியா பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, மலை தாண்டி, காய்ந்த காற்றாக நம் சரிவுகளில் இறங்குகிறது. அந்த வறட்சியில் செடி திணறும்போது கொழுந்தில் சேருகிற மணம்தான் ஊவா தேயிலையின் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அந்த மணத்துக்குக் காரணமானவற்றில் மெத்தில் சாலிசிலேற் முக்கியமானது. தைலத்தில் வருகிற அதே வாசனைப் பொருள்தான்.

அவ்வளவு அருமையான கொழுந்தை ஒரே இரவில் கெடுக்கவும் காற்றால் முடியும். பகலில் வெளிக்காற்று டிரை பல்ப் என்கிற வெறும் வெப்பமானியில் 26 பாகையும் ஈரத் திரி சுற்றிய வெட் பல்ப்பில் 19 பாகையும் காட்டினால் இடைவெளி 7. அந்தக் காற்றை முழு வேகத்தில் விட்டால் கொழுந்து ஓரம் கருகிச் சருகாகும். ராத்திரி பனி இறங்கி இடைவெளி ஒரு பாகைக்கும் கீழே போனால், எவ்வளவு வேகமாக விட்டாலும் ஈரம் இறங்காது, கரண்ட் மட்டும்தான் செலவாகும். அப்போது டிரையர் பக்கத்துச் சூடான காற்றைக் கொஞ்சம் கலந்து, இடைவெளியைச் சுமார் 4 பாகைக்குக் கொண்டுவர வேண்டும். முன்பெல்லாம் ஒரே ஆள் கையில் வெப்பமானியோடு ஒவ்வொரு ட்ரஃபாக நடந்து, பலகையைத் திறந்து மூடி இதைச் செய்தார். ராத்திரி இரண்டு மணிக்கு மேல் மனுஷ உடம்பு எவ்வளவு தாங்கும்? இப்போது பெட்டி அதை நிமிஷத்துக்கு நிமிஷம் பார்க்கிறது. இதை நான் மனதார வரவேற்கிறேன். கண் விழித்தே உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்களை நம் லயத்தில் பார்த்து வளர்ந்தவள் நான்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது? பெரிய வித்தை ஒன்றும் இல்லை. உணரி கொடுக்கிற எண்ணை, நாம் வைத்த எண்ணோடு அது ஒப்பிடும். வித்தியாசத்துக்கு ஏற்றபடி மோட்டருக்குப் போகிற மின்சாரத்தின் ஹேர்ட்ஸைக் கூட்டும், குறைக்கும். 50 ஹேர்ட்ஸில் ஓடுகிற ஃபேனை 40க்கு இறக்கினால் காற்று ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். மின்சாரமோ ஏறக்குறைய பாதியாகிவிடும். ஃபேனுக்குத் தேவைப்படும் வலு வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறி இறங்குவதால் வருகிற லாபம் அது. கொழுந்தின் மேல் ஈரம் காய்ந்த பிறகு முழுக் காற்று தேவையே இல்லை, ஆகவே இரவின் பின்பாதியில் வேகத்தைக் குறைக்கலாம். 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 வீதமும் ஏறியதை மறந்திருக்க மாட்டாய். பிறகு கட்டணம் குறைந்தாலும் அந்த அடி ஸ்டோர்களுக்கு ஒரு பாடம். பல இடங்களில் இந்தப் பெட்டியைக் கேட்டு வாங்குவது அதற்குப் பிறகுதான்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். பெட்டியைப் படிப்பதற்கு முன் உணரியைப் படி. காற்றை அளக்கிற இடம் சுத்தமாக இல்லையென்றால் மற்றதெல்லாம் வீண். வெட் பல்ப் என்றால் என்ன? தண்ணீரில் ஊறிய துணித் திரி சுற்றிய ஒரு வெப்பமானி. திரி காய்ந்துவிட்டால் அதுவும் டிரை பல்ப்பின் எண்ணையே காட்டும். இடைவெளி பூஜ்ஜியம். 'காற்று முழுக்க ஈரம்' என்று பெட்டி நம்பும். உடனே சூடான காற்றைத் திறந்துவிடும், ஃபேனையும் ஏற்றும். வெளியே கச்சான் வீசுகிற நேரத்தில் இது நடந்தால் விடிவதற்குள் கொழுந்து சருகுதான். திரியில் சுண்ணாம்பு படிந்தாலும் தூசி ஏறினாலும் இதே திசையில்தான் பிழை வரும். கவனி, இந்தப் பிழை ஒருபோதும் குளிர்ந்த பக்கம் சாயாது, எப்போதும் கருக்குகிற பக்கம்தான் சாயும். ஒவ்வொரு ஷிப்டிலும் சுத்தமான தண்ணீர் ஊற்று. மாற்றுத் திரி கையில் இருக்கட்டும். உணரி சுவரோரமாகத் தொங்கினால் சுவரின் சூட்டைத்தான் சொல்லும். ட்ரஃபுக்குள் ஓடுகிற காற்றின் நடுவில் அது இருக்கிறதா என்று பார்.

பிழை வந்தால் ஸ்டோரில் முதலில் நடப்பது என்ன தெரியுமா? சுவிட்சை 'ஓட்டோ'விலிருந்து 'மெனுவல்' பக்கம் திருப்பிவிடுவார்கள். திருப்பினால் பிறகு திரும்பி வராது. மாசக்கணக்காக அப்படியே கிடக்கிற பெட்டிகளை நான் போகிற இடங்களில் பார்க்கிறேன். இத்தனை பணம் போட்டு வாங்கியது, ஒரு சாண் துணித் திரிக்காக வீணாகிறது. உன் ஸ்டோரில் அப்படி நடக்க விடாதே. பெட்டி தப்பாக நடக்கிறது என்று யாராவது சொன்னால், முதலில் திரியைப் பார், உணரியைப் பார், வயரைப் பார். பெட்டியைக் கடைசியாகச் சந்தேகி.

டிரையரில் இரண்டு காற்று இருக்கிறது, குழப்பிக்கொள்ளாதே. ஒன்று விறகு எரிய அடுப்புக்குள் போவது. மற்றது சூடேறி, தட்டுகளுக்குக் கீழிருந்து தேயிலைக்குள் புகுந்து போவது. தேயிலைக்குப் போகிற காற்று உள்ளே நுழையும்போது 90 முதல் 100 பாகை இருக்கும். வெளியே வருகிறபோது 50, 55 பாகை இருந்தால் நல்லது. எல்லோரும் நுழைகிற சூட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீ வெளியே வருகிற சூட்டைப் பார். தேயிலையின் உண்மையான நிலையைச் சொல்வது அதுதான். அது தாழ்ந்தால் தூள் வெந்துபோய் மணம் செத்துவிடும். மிக ஏறினால் மேல் ஓடு இறுகி உள்ளே ஈரம் தங்கிவிடும், மூட்டை கட்டிய பிறகுதான் பூஞ்சணம் பிடிக்கும்.

'ஓட்டோ'வில் ஓடுகிற டிரையரில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. தேயிலைக் காற்றின் புளோவர் வேகம் குறையும்போது அடுப்புக் காற்றும் கூடவே குறைய வேண்டும். குறையாவிட்டால் சூட்டை எடுத்துப்போக ஆள் இல்லாமல் அடுப்பின் தகடுகள் சிவந்து வெடிக்கும். வெடிப்பு வழியாகப் புகை தேயிலைக்குள் இறங்கும். ஏலத்தில் 'புகை மணம்' என்று ஒரு முறை பெயர் வாங்கினால் அதை அழிக்க எத்தனை நாள் ஆகும் என்று உன் டீமேக்கரைக் கேள். அதனால்தான் இரண்டு புளோவரையும் ஒன்றோடொன்று பூட்டிவைக்கிற இணைப்பு இருக்கிறது. அவசரம் என்று அதைக் கழற்றச் சொன்னால், யார் சொன்னாலும், கழற்றாதே.

இன்னொன்று: அம்மீட்டர் பொய் சொல்லாது, ஆனால் அதைப் படிக்கத் தெரிய வேண்டும். ட்ரஃபில் இருப்பது விசிறி மாதிரி நேராகத் தள்ளுகிற ஃபேன். வழி அடைத்தால் அதில் கரண்ட் ஏறும். டிரையரில் இருப்பது கூண்டுச் சக்கரப் புளோவர். அதில் வழி அடைத்தால் கரண்ட் இறங்கும். இறங்கிய முள்ளைப் பார்த்து 'மோட்டருக்கு இன்றைக்குச் சுகம்' என்று இருந்துவிடாதே, காற்று போகவே இல்லை என்று அர்த்தம். வடிகட்டி, பலகை, குழாய் எல்லாம் தேடிப் பார். உயரத்தையும் மறக்காதே. உதாரணமாக, ஹப்புத்தளை சுமார் 1400 மீட்டரில் இருக்கிறது, அங்கே காற்றின் எடை கடற்கரையில் இருப்பதைவிடப் பத்து வீதத்துக்கு மேல் குறைவு. ஃபேன் அதே அளவு காற்றைத் தள்ளும், ஆனால் அதன் எடை குறைவு. கொழும்பில் உட்கார்ந்து எழுதிய அட்டவணையை அப்படியே பெட்டியில் பதிந்தால் மலையில் சரிவராது.

விறகு பற்றி அப்பா சொல்லச் சொன்னார். வெட்டியவுடன் வருகிற யூக்கலிப்டஸ், சவுக்கு எல்லாவற்றிலும் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். அதை எரித்தால் நெருப்பின் பலத்தில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும், எந்தப் புளோவரும் அதைச் சரிசெய்ய முடியாது. கூரைக்குக் கீழே சில மாதம் காயப்போட்டுவிட்டுத்தான் காற்றைப் பற்றிப் பேச வேண்டும் என்கிறார். அடுப்புக்கு வேண்டியதற்கு மேல் காற்று விட்டால் சூடு புகைக்கூடு வழியே ஓடிவிடும், குறைத்து விட்டால் கறுப்புப் புகையும் கரியும்தான். புகைக்கூட்டின் உச்சியைப் பார்த்தே அப்பா காற்றின் அளவைச் சொல்லுவார். அந்த அறிவு பெட்டிக்குள் எழுதப்படவில்லை. உன் ஸ்டோரிலும் அப்படி ஒரு பழைய ஆள் இருப்பார், அவரிடம் போய் உட்கார். தானியங்கி வந்துவிட்டது என்று அவரை ஓரத்தில் நிறுத்த விடாதே. அளவுகளைப் பார்த்துக் குறித்துவைக்கிற வேலையை அவரிடமே கொடுக்கச் சொல்லு.

இந்தப் புளோவருக்கும் தேயிலைக்கும் உள்ள உறவு பழையது, உனக்குப் பிடிக்கும் என்று சொல்கிறேன். சாமுவேல் டேவிட்சன் என்ற பெல்ஃபாஸ்ட்காரர் 1864 இல் அசாம் பக்கத்துக் கச்சார் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்தார். தேயிலை காயவைக்கிற பாட்டைப் பார்த்து டிரையர் செய்தார், 1881 இல் பெல்ஃபாஸ்டில் 'சிரோக்கோ' தொழிற்சாலையைத் தொடங்கினார். கூண்டுச் சக்கரப் புளோவரும் அவர் செய்ததுதான். அது பிறகு சுரங்கங்களுக்கும் கப்பல்களுக்கும் காற்று கொடுத்தது. இன்று கனடாவில் நம் சொந்தக்காரர் வீட்டு நிலவறையில் குளிர்காலத்துக்கு வீட்டைச் சூடாக்குகிற புளோவரும் அதே வடிவம்தான். வடிகட்டியில் தூசி அடைக்க அடைக்க வேகத்தைத் தானாகக் கூட்டி, காற்றின் அளவை மாறாமல் வைத்துக்கொள்கிற மோட்டர் இப்போது அவற்றில் வருகிறது. ஆகவே நீ பழகுகிற தொழில் மலைக்குள் ஒதுங்கிய தொழில் என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஸ்டோர் வேலை ஒருபுறம் இருந்தாலும், பசறையில் இருக்கிற தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளைக்குப் போய்க் கேள். 1925 இல் தொடங்கிய நிறுவனம் அது, 2025 இல் அதற்கு நூறு வயது. ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்திலும் தேயிலைத் தொழில்நுட்பம் கற்பிக்கிறார்கள், அதையும் மனதில் வை.

கடைசியாக ஒன்று. அம்மா ஒரு நாள் சம்பளமான முழுப் பேருக்கு 18 கிலோ கொழுந்து எடுப்பார் அல்லவா? மேலே சொன்ன கணக்கில் அது 3.9 கிலோ தேயிலை. ஒரு ட்ரஃப் நிறையக் கொழுந்து கருகினால் எத்தனை அம்மாக்களின் ஒரு நாள் உழைப்பு கருகுகிறது என்று நீயே எண்ணிப் பார். அவர்கள் அதை மழையிலும் அட்டைக்கடியிலும் எடுத்துக் கொடுத்தவர்கள். ராத்திரி அதைக் காப்பாற்றுகிற பொறுப்பு உன் கையில் இருக்கிறது. ஸ்டோரைக் காக்கிற ரோதைமுனிக்குப் பூசை போடும்போது நானும் உன்னை நினைத்துக் கும்பிடுகிறேன். நீ அதோடு திரிக்கும் தண்ணீர் ஊற்று.

ஒரு கொப்பி வாங்கு. ஒவ்வொரு ஷிப்டிலும் மூன்று முறை எழுது: வெளிக்காற்றின் இரண்டு பல்ப், ட்ரஃபின் இரண்டு பல்ப், ஹேர்ட்ஸ், டிரையரின் வெளிச்சூடு. கொழுந்தைக் கையில் அழுத்திப் பார்த்து, மணந்து பார்த்து, உனக்குத் தோன்றியதையும் பக்கத்தில் எழுது. எண் ஒன்று சொல்லி, கை வேறொன்று சொன்னால், அந்த வரியைச் சுற்றி வட்டம் போடு. தீபாவளிக்கு வரும்போது கொப்பியைக் கொண்டு வா. நீயும் நானும் அப்பாவும் உட்கார்ந்து வட்டம் போட்ட வரிகளை மட்டும் பார்ப்போம். எந்த உணரியை எங்கே மாற்றிப் பூட்டலாம் என்று அதிலிருந்தே தெரிந்துவிடும்.

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி ஷிப்டுக்குக் கம்பளிச் சட்டை போட்டுக்கொள். பதில் எழுது.

அன்புடன்,
அக்கா