விடியற்காலை கார்ட்டிசால்

ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடு. மார்கழி, காலை நாலரை மணி. அந்த வீட்டம்மா எழுந்து, குளித்து, வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கிறார். திருவெறும்பூர் பக்கம் நைட் ஷிப்டில் இருக்கும் கணவருக்கு இன்னும் இரவே முடியவில்லை. இருவருக்கும் அந்த நேரத்தில் ஒரு கெட்ட செய்தி வருகிறது என்று வையுங்கள். இரண்டு உடம்பும் ஒரே மாதிரி பதறுமா?

பதறாது. பதற்றத்தில் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் என்ற ஹார்மோனை விடுகிறது. பதற்றமே இல்லாவிட்டாலும் அது தினமும் ஏறி இறங்கும். நள்ளிரவை ஒட்டி மிகக் குறைவு, விழித்த அரை மணி, முக்கால் மணிக்குள் உச்சம். நைட் ஷிப்ட் போட்டுவிட்டால் இந்தக் கடிகாரம் உடனே மாறிவிடாது.

ஜெர்மனியில் டிரியர் (திருச்சி இல்லை!) பல்கலைக்கழகத்தில் 1993-ல் ஒரு சோதனையை உருவாக்கினார்கள். முகத்தில் சலனமே காட்டாத நடுவர்கள் முன்னால் பேச வேண்டும், மனக்கணக்கும் போட வேண்டும். வைவா எழுதியவர்களுக்கு, மன்னிக்கவும், வைவாவில் உட்கார்ந்தவர்களுக்கு இது புரியும். 2018-ல் ஜப்பானின் ஹொக்கைடோவில் இதே சோதனையை 27 பேருக்கு வைத்தபோது, காலையில் கார்ட்டிசால் நன்றாக ஏறியது. மாலையில் ஏறவில்லை.

ஆண், பெண் விஷயம் இன்னும் சிக்கல். 1999-ல் வந்த ஓர் ஆய்வில், ஆண்களுக்கு எச்சிலில் கார்ட்டிசால் அதிகம் ஏறியது. மாதவிடாய்ச் சுழற்சியின் பின்பாதியில் இருந்த பெண்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு. முன்பாதியில் இருந்தவர்களுக்கும் கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் குறைவு. எலிகளில் தலைகீழ், பெண் எலிக்குத்தான் அதிகம்!

'சுழற்சி குழப்பும்' என்று சொல்லியே ஆய்வாளர்கள் பெண்களை ரொம்ப காலம் ஒதுக்கினார்கள். சோம்பேறித்தனம்தான், வேறென்ன? திருச்சியிலிருந்து சில மணி நேர பஸ் தூரத்தில், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் குழு அப்படி ஒதுக்கவில்லை. கடிகாரமோ வெளிச்சத்தம்பமோ தெரியாத தனியறையில் ஒரு பெண்ணைத் தங்கவைத்துப் பார்த்து, 1991-ல் முடிவை வெளியிட்டார்கள். அவருடைய தூக்கம்-விழிப்புச் சுழற்சியோடு மாதச் சுழற்சி பிணைந்திருக்கவில்லை. ஒரே உடம்பில் இரண்டு கணக்கு!

கார்ட்டிசாலுக்கு லேபில் பொதுவாகக் காலை எட்டு மணி வாக்கில் ரத்தம் எடுப்பார்கள். அந்த வீட்டம்மா அப்போது எழுந்து நாலு மணி நேரம் ஆகியிருக்கும். கணவர் இன்னும் படுக்கவே போயிருக்க மாட்டார். ரத்தம் கொடுக்குமுன் இதை லேபிலும் டாக்டரிடமும் சொல்லிவிடுவது நல்லது. அம்மா மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் அதையும்.