கடல் கடந்த மடல்: பங்க்கில் கேட்க வேண்டிய கேள்வி



ஸ்டுட்கார்ட்டிலிருந்து எழுதுகிறேன். நம் மலைக்கிராமமான பூம்பாறையிலிருந்து மச்சான் போனில் பிடித்துக்கொண்டார். “மாப்ளே, கொடைக்கானலுக்குப் போய்ட்டு வர முன்ன ஊத்துன பெட்ரோல் இப்பப் பத்த மாட்டேங்குது. மெக்கானிக் எத்தனால்ங்கிறான். பங்க்குல கேட்டா, நாடு பூரா இதுதான்ங்கிறான். நீ கார் செய்யுற ஊர்ல இருக்கியே, என்னதான் சங்கதி?” ஏற்ற இறக்கம், பழைய வண்டி, பின்னால் ஒரு மூட்டைப் பூண்டு என்று நான் அடுக்கிய காரணம் எதுவும் எடுபடவில்லை.

மச்சான் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் என்பது முதலில் 2030-க்கு வைத்த இலக்கு, 2025-லேயே எட்டிவிட்டார்கள். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள எரிசக்தி பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஐந்தில் ஒரு பங்கு அதைக் கலந்தால், கணக்குப்படி மைலேஜ் ஆறேழு சதவீதம் குறையத்தான் செய்யும். நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே இதை ஒப்புக்கொண்டது. மைலேஜ் குறைவதால், கலந்த பெட்ரோலைச் சாதாரணப் பெட்ரோலைவிடக் குறைந்த விலைக்கு விற்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தார்கள். அந்த வரி மட்டும் பங்க் வரைக்கும் வந்து சேரவில்லை. எத்தனால் கொள்முதல் விலையே லிட்டர் 71 ரூபாயைத் தாண்டிவிட்டது, எப்படிக் குறைப்பது என்று 2025-ல் கேட்டது அரசு. எத்தனால் இல்லாத பெட்ரோலையும் விற்கச் சொல்லிப் போன வழக்கை 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது.

இப்படிக் கேள்வி கேட்பதால் நம் மக்களைத் தாவர எரிபொருளுக்கு விரோதிகள் என்று சொல்லிவிட முடியுமா? பூம்பாறையில் விறகு எரிக்காத வீடு ஏது? வாட்டில் மரமும் தைலமரமும் சோலைக்காட்டையும் புல்வெளியையும் விழுங்கியது தனிக்கதை. அந்த மரங்களின் சுள்ளிகளில்தான் நம் வீட்டு உலை கொதித்தது. காஸ் வந்த பிறகும் விறகடுப்பை இடிக்காத வீடுகள் உண்டு. காரணம் பூண்டு. தாளோடு கட்டுக்கட்டாக அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிட்டால், புகையேறி விதைப்பூண்டு அடுத்த பட்டம் வரை கெடாமல் கிடக்கும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டின் பெருமைக்கு அந்தக் கரிபிடித்த பரணும் ஒரு காரணம். பயன் கண்ணுக்குத் தெரிந்தால் கண் எரிச்சலைக்கூடப் பொறுத்துக்கொள்கிற ஜனங்கள் நாம்.

பொறுக்காதது ஏமாற்று. காட்டாமணக்கை மறந்திருக்க மாட்டீர்கள். 2003-ல் திட்டக் குழு அதன் விதையிலிருந்து எடுக்கும் பயோடீசலுக்குப் பச்சைக்கொடி காட்டியது. தரிசில் வளரும், தண்ணீர் வேண்டாம், ஆடு மாடு கடிக்காது என்று சொல்லித் தமிழ்நாட்டுச் சமவெளியில் நட வைத்தார்கள். ஆடு மாடு கடிக்காதது மட்டும் உண்மையாயிற்று. கோயம்புத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களை ஆராய்ந்து 2010-ல் வெளியான ஆய்வு, விளைச்சல் சொன்னதைவிட வெகு குறைவு, தண்ணீர் இல்லாமல் கட்டுப்படியாகாது, அடி அதிகம் விழுந்தது ஏழை விவசாயிக்குத்தான் என்று சொன்னது. அந்தச் செடியைப் பிடுங்கிப் போட்டவர்களின் பிள்ளைகள்தான் இன்று பங்க்கில் சந்தேகத்தோடு நிற்கிறார்கள்.

இப்போது அந்த இடத்தில் மக்காச்சோளம். எத்தனால் ஆலைகள் வாங்குவதால் விலை ஏறினால் பெரம்பலூர் விவசாயி முகம் மலரும், நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர் முகம் சுருங்கும். மக்காச்சோளம் ஏற்றுமதி செய்த நாடு 2024-ல் நிகர இறக்குமதி நாடாகிவிட்டது. கச்சா எண்ணெய் இறக்குமதி குறைந்ததில் 2014-லிருந்து 1.4 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் அந்நியச் செலாவணி மிச்சம் என்று 2025-ல் சொன்னது அரசு. சரி, மிச்சம் யாருக்கு?

நான் இருக்கும் ஜெர்மனியிலும் இந்த ரகளை நடந்தது. 2011 தொடக்கத்தில் 10 சதவீதம் கலந்த ‘சூப்பர் ஈ10’ வந்தது. பத்தில் ஒன்பது பெட்ரோல் கார்கள் தாங்கும் என்றார்கள். எந்தக் கார் அந்தப் பத்தாவது என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை. மக்கள் விலை கூடுதலான பழைய பெட்ரோலுக்கே வரிசை கட்டினார்கள். மார்ச் 8 அன்று பொருளாதார அமைச்சர் புரூடர்லே அவசர மாநாடே கூட்ட வேண்டியதாயிற்று. மறு ஆண்டு அமெரிக்க வறட்சியில் தானிய விலை ஏறவும், தட்டுக்கா டாங்குக்கா என்ற சண்டை மூண்டது. வளர்ச்சி அமைச்சர் நீபெல் ஈ10 விற்பனையை நிறுத்தச் சொன்னார். இன்றைக்கும் பம்பில் இரண்டு குழாய்கள். ஈ10 சில சென்ட் மலிவு. ஆனாலும் பலர் கை பழைய குழாய்க்குத்தான் போகிறது. சந்தேகம் அவ்வளவு சுலபத்தில் போகாது.

பிரேசிலைப் பாருங்கள். 1975-ல் கரும்புச் சாராயத்தில் கார் ஓட்டத் திட்டம் போட்ட நாடு. 1989 வாக்கில் எத்தனாலுக்குத் தட்டுப்பாடு வந்ததும் அந்தக் கார்களை ஜனங்கள் கைவிட்டார்கள். 2003-ல் எத்தனால், பெட்ரோல் இரண்டையும் குடிக்கும் கார்கள் வந்தபிறகுதான் நம்பிக்கை திரும்பியது. அங்கே பங்க்குக்கு வருகிறவர் மனக்கணக்குப் போடுகிறார்: எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது, இல்லாவிட்டால் பெட்ரோல். கணக்குப் போட விடுவதுதான் மரியாதை.

நம் ஊரில் அந்த மரியாதை இல்லை. மச்சானுக்கு வேறு குழாய் கிடையாது, விலையில் சலுகை கிடையாது. பழைய வண்டியில் ரப்பர் பாகம் இற்றுப்போனால் மாற்றுகிற செலவும் அவர் தலையில். பூண்டை வடுகபட்டி சந்தைக்கு இறக்கும் வண்டிகள் டீசலில் ஓடுவதால் வியாபாரம் தப்பித்தது.

எத்தனால் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புகையும் செலவும் குறைந்தால் நல்லதுதான். ஆனால் கலப்பின் அளவைப் பில்லில் அச்சடியுங்கள், மைலேஜில் போவதை விலையில் கழியுங்கள், பழைய வண்டிக்கு ஒரு குழாயை விட்டுவையுங்கள். இதைப் பங்க் பையனிடம் கேட்டுப் பயனில்லை. உங்கள் எம்பி வாக்குக் கேட்டு மலை ஏறி வருவார் அல்லவா, அவரிடம் கேளுங்கள்.