சைட் குடுக்கிறது

ஆட்டோ லைசன் எடுத்து ஒரு வருஷம் ஆச்சு. ஆனா பசறையிலிருந்து பதுளைக்கு ஓட்டிப் போகச் சொன்னா இன்னமும் எனக்கு உள்ளங்கை வேர்க்கும்.

தோட்டத்து ரோட்டில் அந்தப் பயம் இல்லை. குழியும் கல்லுமாக இருந்தாலும் எதிரில் வருவது கொழுந்து லொறி மட்டும்தான். டிரைவரும் தெரிஞ்ச ஆள். மெயின் ரோட்டுக்கு இறங்கினால்தான் பிரச்சினை. இடது பக்கம் கான். வலது பக்கம், எதிரில் வருகிற பஸ்ஸின் டயர் தோளை உரசுகிற மாதிரி போகும். பின்னால் ஒரு வேன் விடாமல் ஹோர்ன் அடிக்கும்.

இந்த ரோட்டுக்குப் பேர் ஏ5. பேராதனையில் தொடங்கி நுவரெலியா, வெலிமடை, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை என்று போய் செங்கலடியில் முடிகிறது. நான் படிக்கிற கிழக்குப் பல்கலைக்கழகம் செங்கலடிக்குப் பக்கத்தில், வந்தாறுமூலையில். எங்கள் வீட்டையும் கெம்பஸையும் சேர்ப்பது ஒரே ரோடுதான். மகாஓயா தாண்டினால் அது சமதரையில் ஓடும். மட்டக்களப்பு நண்பர்களுக்கு ஏ5 என்றால் அந்தப் பக்கம்தான். அதனால் நான் பயம் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

2021 மார்ச் 20ஆம் திகதி காலையில், லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் போன பஸ் பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்தது. 14 பேர் செத்துப்போனார்கள். அந்த இடத்தில் சரிந்து விழுந்த பாறை ரோட்டைக் குறுக்கியிருந்தது. எதிரில் இன்னொரு வாகனம். மிச்சமிருந்த இடைவெளியில் கடக்கப் போய்த்தான் பஸ் விழுந்தது. நான் அப்போது ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தேன். யார் பிழை என்று லயத்தில் ரொம்ப நாள் பேசினார்கள். எனக்கு மனதில் நின்றது அந்த இடைவெளிதான். இன்றைக்கும் எதிரில் பஸ் வந்தால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

போன லீவில் பாட்டியைக் கிளினிக்குக் கூட்டிப்போனேன். அப்பாவுக்கு முழங்கால் வலி, அதனால் பாட்டியோடு பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். இறக்கத்தில் ஒரு முடக்கு. எதிரில் பஸ் ஏறி வந்தது. நான் நிறுத்தினேன். இடம் போதவில்லை. கொஞ்சம் பின்னால் எடுத்தேன். பின்னால் நின்ற வேன்காரர் தலையை நீட்டி, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு ஆட்டோ?" என்றார். பஸ் போய் முடிந்தது. என் கை நடுங்கியது.

கண்ணாடியில் பார்த்தேன். அப்பா கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"அப்பா, பயந்துட்டீங்களா?"

"இருபது வருஷமா இந்த முடக்குல பயந்துக்கிட்டுத்தான் ஓட்டுறேன். ஏறி வாறவனுக்கு எறங்குறவன்தான் சைட் குடுக்கணும். நீ செஞ்சது சரி. எடு."

அப்பாவுக்குப் பயம் இருந்திருக்கும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அவர் நிற்கும்போது யாரும் அதைப் பயம் என்று சொன்னதும் இல்லை. நான் நின்றால் மட்டும் பொம்பளப் புள்ளையின் பயம் ஆகிவிடுகிறது.

இந்த ரோட்டை அகலமாக்க வேண்டும், சரிந்த கல்லையும் மண்ணையும் அன்றைக்கே எடுக்க வேண்டும். அதைக் கேட்டுக்கொண்டே இருக்கணும். அதுவரைக்கும் இரண்டு வண்டிக்கு இடமில்லாத இடத்தில் யாராவது ஒருத்தர் நிற்கத்தான் வேண்டும்.

அடுத்த மாதம் பாட்டிக்கு மறுபடியும் கிளினிக். நான்தான் ஓட்டுகிறேன். கை வேர்க்கும். அந்த முடக்கில் நிற்பேன். பின்னால் ஹோர்ன் அடிக்கிறவங்க அடிக்கட்டும்.